ஆறு பேர் வேலை பார்க்கும் கடைக்குத் தனி உதவியாளர் எதற்கு?

தெற்குமாசி சுங்குடி:
மதுரைத் தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், துணியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கும் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறேன். என்னைத் தவிர ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். முடிச்சுப் போடும் பெண்களிடம் துணியைக் கொடுத்து வாங்குவது, சாயப்பட்டறையில் நின்று நிறம் பார்ப்பது, வெளியூர்க் கடைகளுக்குப் பதில் சொல்வது, பாக்கி கேட்பது எல்லாமே என் ஒரே கைப்பேசியில்தான் நடக்கின்றன. சித்திரைத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது காரைக்குடிக் கடை ஒன்று அரக்கு நிறத்தில் நாற்பது சேலை கேட்டுக் குரல்பதிவு அனுப்பியிருந்தது. அதை நான் நான்காம் நாள்தான் கேட்டேன். அதற்குள் அவர்கள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள். மாதம் 14,000 ரூபாய்க்கு ஒரு தனி உதவியாளரை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். என் தம்பியோ, "பி.ஏ. வைத்துக்கொள்ள நீ என்ன கலெக்டரா?" என்கிறான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கப்பலூர் பட்டறை:
உங்கள் தம்பி பக்கம்தான் நான். கப்பலூர் தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன்; இரண்டாண்டுகளுக்கு முன் இதே ஆசையில் ஒரு பையனைச் சேர்த்தேன். மூன்றாம் மாதம் அவன் என் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தான், கேஸ் சிலிண்டர் பதிவு செய்துகொண்டிருந்தான். தவறு அவனுடையதன்று, "தனி" என்ற சொல்லுக்கு நான் கொண்ட பொருள் அப்படி. கணக்கையும் பார்த்துவிடுங்கள். பன்னிரண்டு மாதச் சம்பளம் 1,68,000, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் சேர்த்தால் 1,82,000. ஒரு சேலையில் நூறு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், இந்த ஒரு ஆளுக்காக மட்டும் ஆண்டுக்கு 1,820 சேலை கூடுதலாக விற்க வேண்டும். நீங்கள் இழந்ததோ நாற்பது சேலை, அதாவது நாலாயிரம் ரூபாய்.

திருமங்கலத்து மேசை:
கப்பலூர் ஐயாவின் பெருக்கல் சரி, ஆனால் அவர் பெருக்கிய பொருள் தவறு. காரைக்குடிக் கடை நாற்பது சேலையோடு முடிந்துவிடுகிற வாடிக்கை அன்று. ஒருமுறை வேறு கடையில் சரக்கு பிடித்துப் போனவர்கள் ஆடிக்கும் தீபாவளிக்கும் அங்கேயே போவார்கள். நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். மதுரையில் பம்புசெட் விற்கும் கடை ஒன்றில் ஒன்பது ஆண்டு உதவியாளராக இருந்தேன். தினமும் திருமங்கலத்திலிருந்து பேருந்தில் போய்வந்தேன். சேர்ந்த முதல் நாள், நான் என்ன செய்ய வேண்டும் என்று முதலாளிக்கே தெரியவில்லை. ஒரு நீள நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டேன்: இடப்பக்கம் நானே முடிக்கக்கூடியவை, வலப்பக்கம் அவரைக் கேட்டுச் செய்ய வேண்டியவை. கடை திறந்ததும் அரைமணி நேரம் அவர் என்னோடு உட்கார்ந்து வலப்பக்கத்தைத் தீர்ப்பார். முதல் மாதம் வலப்பக்கம் நிரம்பி வழிந்தது. ஆறாம் மாதம் அங்கே நாளுக்கு இரண்டு மூன்று வரிதான் இருந்தது. அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்க மனமில்லாத முதலாளிக்கு எத்தனை சம்பளம் கொடுத்து யாரை வைத்தாலும் பயன் இல்லை. நான் விலகியதற்குக் காரணம் சம்பளம் அன்று. இரவு பத்து மணிக்கும் வந்துகொண்டிருந்த வாட்ஸ்அப் செய்திகள். கடைகளுக்கான சட்டத்தில் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றிருப்பது உதவியாளருக்கும் பொருந்தும் என்பது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை.

சிம்மக்கல் கணக்கர்:
ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்களிடம் வரும் வணிகர் ஒருவர் ஜிஎஸ்டி பதிவுக்குக் கொடுத்த கைப்பேசி எண்ணை உதவியாளர் கையிலேயே விட்டிருந்தார். சண்டை போட்டுக்கொண்டு போனவர் சிம்மையும் எடுத்துப் போய்விட்டார். ஓடிபி வராமல் 20ஆம் தேதி தாக்கல் செய்ய வேண்டிய 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவம் தவறி, நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறியது. இதற்காக ஆளே வேண்டாம் என்பதில்லை. சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் எடுக்கும் தளத்தில் உதவியாளருக்கென்று துணைப் பயனர் கணக்கு உண்டு. நடப்புக் கணக்கில் ஒருவர் பதிவு செய்ய, மற்றவர் ஒப்புதல் தரும் வசதியைப் பல வங்கிகள் தருகின்றன. வாட்ஸ்அப் எண்ணை உங்கள் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டு கடைக் கணினியில் இணைத்துக் கொடுக்கலாம். இன்னொன்று, ஏழு பேர் ஆவதால் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு வந்துவிடாது, அதற்குப் பத்துப் பேர் வேண்டும், பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதிக்கு இருபது.

கப்பலூர் பட்டறை:
பூட்டுச் சாவியைப் பற்றி நான் பேசவில்லை, வாய்ச்சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, இது கைமுடிச்சா அச்சா என்று கேட்காத வாடிக்கையாளர் உண்டா? புள்ளிகள் அச்சடித்தாற்போல ஒரே அளவில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது அண்ணனுக்குத் தெரியும். நேற்றுச் சேர்ந்த பிள்ளை எல்லாவற்றுக்கும் "கைமுடிச்சுதாங்க" என்று பதில் அனுப்பிவிடும். பாக்கியும் அப்படித்தான். முதலாளியே கூப்பிட்டால் கொடுப்பவன், ஆள் கூப்பிட்டால் "அவரையே பேசச் சொல்லுங்கள்" என்பான். கடைசியில் எல்லா அழைப்பும் உங்களிடமே திரும்பிவரும்.

தெற்குமாசி சுங்குடி:
இரு தரப்பையும் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். திருமங்கலத்து அம்மாவின் நோட்டைப் போல, ஒரு நாள் முழுதும் வந்த அழைப்புகளைக் கல்லாப்பெட்டிமேல் ஒரு அட்டையை வைத்துக் குறித்தேன். மொத்தம் 61. அவற்றில் 38 அழைப்புகள், சரக்கு புறப்பட்டதா, லாரி ரசீதின் எண்ணான எல்.ஆர். எண் என்ன, எத்தனை பண்டல் என்பவை. பாக்கி பற்றி 9, நிறமும் முடிச்சும் பற்றி 4. மீதி வீடும் உறவும். எதுவுமே நான் இல்லாமல் நடக்காது என்று நினைத்திருந்தேன்; உண்மையில் அப்படிப்பட்டவை பாக்கியும் நிறமுமாக 13 அழைப்புதான் என்பதைப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

கப்பலூர் பட்டறை:
அப்படியானால் உங்களுக்கு வேண்டியது சரக்கு அனுப்பும் குமாஸ்தா. அந்தப் பெயரிலேயே 11,000க்கு ஆள் கிடைக்கும்.

திருமங்கலத்து மேசை:
பதினோராயிரத்துக்கு வருபவர் எல்.ஆர். எண்ணைச் சொல்வார், காரைக்குடிக் குரல்பதிவை அன்றே கேட்டு, நாற்பது சேலை அரக்கில் இருப்பு உண்டா என்று பார்த்து, உங்களிடம் வந்து நிற்கமாட்டார். மூவாயிரம் அதற்குத்தான்.

தெற்குமாசி சுங்குடி:
14,000 என்றே வைத்துக்கொள்கிறேன். பாக்கியும் நிறமும் என்னிடமே இருக்கும். நாளை கடை வாசலில் ஒட்டப்போகும் அட்டையில் எழுதியிருப்பது இது: "அலுவலக உதவியாளர் தேவை. தமிழில் பிழையின்றித் தட்டச்சுத் தெரிந்திருக்க வேண்டும். டேலி கணக்கு மென்பொருள் தெரிந்தால் நல்லது. காலை 10 முதல் மாலை 6 வரை. ஞாயிறு விடுமுறை. முதலாளி வீட்டு வேலை கிடையாது." கடைசி வரி கப்பலூர் அண்ணனுக்காகச் சேர்த்தது.