தூத்துக்குடியில் ஏற்றிய கப்பல் திரும்பி வருது?! அவசரம், யாராவது பாருங்க

பனியன்_திருப்பூர்:
ராட்டர்டாம் போக வேண்டிய 40 அடி பெட்டி. பில்லுல (பில் ஆஃப் லேடிங், சரக்கு ஏத்தினதுக்கான ரசீது) இருக்குற கப்பல் பேரை மரைன்டிராஃபிக்ல (கப்பல் எங்க இருக்குன்னு வரைபடத்துல காட்டுற வெப்சைட்) தேடினா கொழும்பு போயிட்டு மறுபடியும் தூத்துக்குடிக்கே வருது! டெஸ்டினேஷன் ஐஎன்டியுடின்னு (தூத்துக்குடியோட துறைமுகக் குறியீடு) போட்டிருக்கு. சரக்கை இறக்காமலே திரும்புதா? லைன் (கப்பல் கம்பெனி) வெப்சைட்ல பில் நம்பர் போட்டா 'நோ ரெக்கார்ட்'. பையர் ஈடிஏ (போய்ச் சேர்ற நேரம்) கேட்டுக் குடையுறார்.

நங்கூரம்:
கப்பலோட ஐஎம்ஓ நம்பர் (நிரந்தர அடையாள எண்)? என்னைக்குக் கிளம்புச்சு? பெட்டி முழுசும் உங்க சரக்கா (எஃப்சிஎல்), பல பேர் சரக்கு சேர்ந்த எல்சிஎல்லா? பில்லைக் கொடுத்தது லைனா, ஃபார்வர்டரா (நடுவுல சரக்கை அனுப்பி வைக்கிற ஏஜென்ட்)? ஒண்ணுமே சொல்லாம ஜோசியமா பார்க்க முடியும்?

கேப்_ரூட்:
செங்கடல்ல கப்பல்களைத் தாக்குற பிரச்சினைதான். 2023 கடைசியில நிறைய லைன் நன்னம்பிக்கை முனை சுத்திப் போக ஆரம்பிச்சுது. சுமார் 3500 கடல் மைல் கூடுதல். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்துல போனா பத்து நாள் தள்ளும். ஷெட்யூல் குழம்பி கப்பலைத் திருப்பியிருப்பாங்க.

கடலோடி:
செங்கடலுக்குப் போற கப்பலே இல்லையே அது. வரைபடத்தைத் திறந்தவங்க எல்லாம் கப்பல் நிபுணர் ஆயிட்டாங்க. தம்பி, நீங்க பார்க்குறது ஃபீடர், பெரிய துறைமுகத்துக்குப் பெட்டி கொண்டு போய்க் கொடுக்குற சின்னக் கப்பல். தூத்துக்குடி–கொழும்பு ஒரு ராத்திரிப் பயணம். பெட்டியை அங்க இறக்கிட்டு, வேற பெட்டி ஏத்திட்டுத் திரும்பும். அதுதான் அதோட வேலையே. உங்க பெட்டி கொழும்பு யார்டுல மதர் வெசலுக்காக (தூரப் பயணம் போற பெரிய கப்பல்) காத்திருக்கும். பில்லுல முதல் கப்பல் பேரு மட்டும் இருக்குறது சகஜம். இந்தக் கேள்விக்கு மாசம் ரெண்டு தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

பனியன்_திருப்பூர்:
சாரி சார். எஃப்சிஎல்தான். பில் ஃபார்வர்டர் கொடுத்தது. பெட்டி நம்பர் 4 எழுத்து 6 எண், அதைப் போட்டாலும் 'தப்பான நம்பர்'னு வருது.

நங்கூரம்:
ரெண்டு முடிச்சும் அவிழ்ந்துடுச்சு.

உங்க கையில இருக்குறது ஹவுஸ் பில். அது ஃபார்வர்டரோட சொந்த நம்பர், லைனோட சிஸ்டத்துக்கு அது யாருன்னே தெரியாது. லைன் ஃபார்வர்டருக்குக் கொடுத்த மாஸ்டர் பில் நம்பரைக் கேட்டு வாங்குங்க.

பெட்டி நம்பர்ல 4 எழுத்துக்கு அப்புறம் 7 எண் வரணும். கடைசி எண் சரிபார்ப்பு எண். பெட்டிக் கதவுல அதைத் தனியாக் கட்டம் போட்டு எழுதியிருப்பாங்க, அதனால எழுதுறவங்க விட்டுடுவாங்க. ஷிப்பிங் பில்லுலயோ (சுங்கத்துல கொடுத்த ஏற்றுமதிப் படிவம்) எடைச் சீட்டுலயோ முழு நம்பர் இருக்கும். அது கிடைச்சா மாஸ்டர் பில் இல்லாமலே லைன் வெப்சைட்ல தேடலாம்.

அதுல 'டிஸ்சார்ஜ்ட், கொழும்பு' (இறக்கியாச்சு) வந்துட்டு 'லோடட்' (ஏத்தியாச்சு) வரலைன்னா பெட்டி யார்டுலதான் இருக்கு. 'லோடட்' வரியிலதான் மதர் வெசல் பேரும் வாயேஜ் நம்பரும் (பயண எண்) வரும். அந்தப் பேரை வெச்சு ஐஎம்ஓ எண்ணைக் கண்டுபிடிச்சு, அதைப் பின்தொடருங்க. கப்பல் பேரும் கொடியும் மாறும், கொடி மாறினா எம்எம்எஸ்ஐயும் (ரேடியோ அடையாள எண்) மாறும். ஐஎம்ஓ மாறாது. அதுல 7 எண், முதல் ஆறை வரிசையா 7, 6, 5, 4, 3, 2 ஆல பெருக்கிக் கூட்டினா வர்ற கடைசி இலக்கம்தான் ஏழாவது எண். 9811000 போட்டுப் பாருங்க: கூட்டுத்தொகை 120, கடைசியில 0.

இன்னொண்ணு: வரைபடத்துல தெரியுற டெஸ்டினேஷனும் ஈடிஏவும் கப்பல்ல ஆள் கையால அடிக்கிறது. போன துறைமுகத்தோட பேரை மாத்தாமலே நாலு நாள் ஓடும். நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்), நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டணும். பையருக்கு லைன் சொல்ற ஈடிஏவை மட்டும் அனுப்புங்க.

ஆண்டெனா:
மதர் வெசல் கொழும்பைத் தாண்டினதும் வரைபடத்துல காணாம போகும், பயப்படாதீங்க. ஏஐஎஸ் (கப்பல் தன் இடத்தைத் தானே அறிவிக்கிற கருவி) விஎச்எஃப் ரேடியோவுல ஓடுது (161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ்). கரை ஸ்டேஷனுக்கு 30–40 கடல் மைலுக்கு மேல பெரும்பாலும் எட்டாது. நடுக்கடல்ல சாட்டிலைட் வேணும், இலவசக் கணக்குல அது பெரும்பாலும் கிடைக்காது. 'கடைசியா சிக்னல் வந்த நேரம்' எதுன்னு முதல்ல பாருங்க.

கேப்_ரூட்:
சிக்னல் எட்டாததால மட்டும் இல்லை, பாப்-எல்-மண்டெப் (செங்கடலோட தெற்கு வாசல்) பக்கம் ஏஐஎஸ்ஸை அணைச்சுட்டே போறாங்க.

கடலோடி:
300 கிராஸ் டன்னேஜும் (கப்பலோட கொள்ளளவுக் கணக்கு) அதுக்கு மேலயும் இருந்து சர்வதேசப் பயணம் போற கப்பல் எல்லாத்துலயும் ஏஐஎஸ் ஓடியே ஆகணும். சோலாஸ் (கடல் பாதுகாப்பு ஒப்பந்தம்) அத்தியாயம் 5, விதி 19. படிச்சுட்டு வாங்க.

கேப்_ரூட்:
நீங்க மீதியையும் படிச்சுட்டு வாங்க. கப்பலோட பாதுகாப்புக்கு ஆபத்துன்னு மாஸ்டர் (கேப்டன்) நினைச்சா அணைக்கலாம்னு ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) தீர்மானம் ஏ.1106(29)லயே இருக்கு.

கடலோடி:
அணைச்சா லாக்புக்ல எழுதணும், ஆபத்து நீங்கினதும் மறுபடி போடணும். விதிவிலக்கை விதி மாதிரி பேசக் கூடாது.

ஆண்டெனா:
ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணுதான். அங்க ஜிபிஎஸ் குழப்படியும் நடக்குது. கப்பல் பாலைவனத்துல நிக்கிற மாதிரி காட்டினா அது அணைச்சதும் இல்லை, எட்டாததும் இல்லை.

பனியன்_திருப்பூர்:
7 எண் போட்டதும் வந்துடுச்சு. 'டிஸ்சார்ஜ்ட் கொழும்பு', ஆறு நாள் ஆச்சு. லோடட் இல்லை. நன்றி எல்லாருக்கும்.

நங்கூரம்:
ஆறு நாளா? புக்கிங் கன்ஃபர்மேஷன்ல எந்த மதர் வெசல் போட்டிருந்தாங்கன்னு பாருங்க. அது கொழும்பை விட்டுக் கிளம்பிடுச்சுன்னா உங்க பெட்டியை அடுத்த கப்பலுக்கு ரோல் பண்ணிட்டாங்க. புது வெசல் பேரு, வாயேஜ் நம்பர், கொழும்பு ஈடிடி (கிளம்புற நேரம்) மூணையும் ஃபார்வர்டர்கிட்ட மெயில்ல கேளுங்க, போன்ல வேண்டாம். எந்த வெசல்னு இங்கயும் போடுங்க.

நங்கூரம்:
பனியன் தம்பி, இருக்கீங்களா?

கேப்_ரூட்:
லாக்புக்ல எழுதணும்னு எந்தப் பத்தியில இருக்கு கடலோடி சார்?