லட்சம் லிட்டர் டேங்க்: வெல்டிங்கா, போல்ட்டா?

குழு: ஒயிட்ஃபீல்ட் (பெங்களூரு) தமிழ்க் குடும்பங்கள்

சித்ரா: எல்லோருக்கும் வணக்கம். நம் குடியிருப்புக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் லட்சம் லிட்டர் இரும்பு டேங்குக்கு ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒருவர் தகடுகளை இங்கேயே வெல்டிங் செய்து தருகிறார். இன்னொருவர் பேனல்களைக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கித் தருகிறார். ஞாயிறு அசோசியேஷன் மீட்டிங்கில் முடிவு சொல்ல வேண்டும்.

பிரபு: வெல்டிங்தான் அக்கா. ஒரே உடம்பாக நிற்கும். மற்றதில் அத்தனை போல்ட் ஓட்டை, எது எப்போது ஒழுகும் என்று யார் பார்ப்பது? 2024 மார்ச்சில் டேங்கர் வந்தும் பிடித்து வைக்க இடமில்லாமல் தவித்தோமே.

லலிதா அம்மா: அப்போது என் மருமகளுக்கு ஏழாம் மாதம். எதுவானாலும் அடுத்த கோடைக்குள் முடித்துவிடுங்கள் கண்ணு.

சித்ரா: சேகர் மாமா, வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷனிலேயே இருந்தவர் நீங்கள். என்ன சொல்கிறீர்கள்?

சேகர் மாமா: காலையில் டேப் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். முதலில் இடத்தை மாற்றணும் சித்ரா. ஜெனரேட்டர் பக்கத்தில் குறித்திருக்கும் இடத்துக்குக் கீழே பார்க்கிங். தண்ணீர் மட்டுமே 100 டன். 6 மீட்டர் விட்டத்தில் வட்ட டேங்க், மூன்றரை மீட்டர் உயரம் என்றால் சதுர மீட்டருக்கு மூன்றரை டன் உட்காரும். அந்த ஸ்லாப்பில் வைக்கவே கூடாது. பின் கேட்டுப் பக்கம் உரக்குழி இருக்கிற இடம் வெறும் மண். அங்கே அஸ்திவாரம் போடலாம்.

பிரபு: அந்தக் கேட்டில் கிரேன் நுழையாதே மாமா?

சேகர் மாமா: நுழையாது. ஏழடிதான். பேனல் என்றால் நாலு பேர் தூக்கிக்கொண்டு போகலாம்.

பிரபு: இடத்துக்காகப் பலத்தை விடலாமா?

சேகர் மாமா: நம் டேங்கின் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 350 கிராம்தான் அழுத்தம். உன் கார் டயரில் அதைப்போல் ஆறு மடங்கு. எண்ணெய் டிப்போவில் நிற்கிற ராட்சத டேங்குகளுக்கு வெல்டிங்தான் வேண்டும், ஐ.எஸ். 803 என்று இந்தியத் தர விதியே தனியாக இருக்கிறது. நமக்குப் பகை துரு.

சேகர் மாமா: ஒரு ஃபேக்டரி டேங்குக்குள் டார்ச் லைட்டோடு இறங்கியிருக்கிறேன். வெல்டிங்கில் குறையே சொல்ல முடியாது. மழைக்காலத்தில் தகடு சரியாகக் காயுமுன் உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க எபாக்சி பூச்சு அடித்துவிட்டார்கள். வெல்டிங் தையல் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கொப்புளம். ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன், பெயின்ட் உதிர்ந்தது. பின்னால் தகடு குழி விழுந்து கிடந்தது. வேலை முடிந்து மூன்றே வருஷம் பிரபு. வெல்டிங் டேங்கில் அந்தப் பூச்சை நம் வாசலில்தான் அடிக்க வேண்டும். அதற்கு முன் மணலை வேகமாக அடித்துத் தகட்டைச் சுத்தம் செய்கிற சாண்ட் பிளாஸ்டிங் தூசி, குழந்தைகள் விளையாடும் இடம், போதாததற்கு இந்த ஊர் மழை. பேனலுக்குப் பூச்சு எல்லாம் ஃபேக்டரியிலேயே சூளையில் வைத்து முடிந்து வரும்.

சித்ரா: அப்போ ஒழுகல்?

சேகர் மாமா: பிரபு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பலவீனம் இணைப்பில்தான். இணைப்பை அடைக்கிற பசையான சீலன்ட் வயதாகும், ஒருநாள் திரும்பப் போட வேண்டிவரும். ஆனால் ஒழுகினால் வெளியே ஈரக்கோடு தெரியும், அந்த இடத்தை மட்டும் சரி செய்யலாம். ஒன்று மட்டும் கண்டிப்பாக எழுதி வாங்குங்கள்: பைப் வைக்க இங்கே வந்து டிரில் போடக் கூடாது. எல்லா ஓட்டையும் ஃபேக்டரியிலேயே போட்டு, ஓரத்துக்கும் பூச்சு கொடுத்து வரணும். சீலன்ட் குடிநீருக்கு ஏற்றதாகவும் இருக்கணும்.

லலிதா அம்மா: கழுவும் நாளில் தண்ணீருக்கு என்ன செய்வது?

சேகர் மாமா: நல்ல கேள்வி அம்மா, எனக்குத் தோன்றவில்லை. கல்கத்தாவின் பெரிய குடிநீர் டேங்கான தாலா டேங்க் 1911-லேயே நாலு அறையாகக் கட்டியது. ஒன்றைக் காலி செய்தாலும் மற்றது ஓடும். நாமும் ஐம்பது ஐம்பதாயிரமாக ரெண்டு வைக்கலாம்.

பிரபு: செலவு கூடுமே மாமா.

சேகர் மாமா: கூடும். இருந்தாலும் கேட்டுப் பார்.

சித்ரா: சரி, ரெண்டு டேங்க் கணக்கில் புதுக் கொட்டேஷன் கேட்கிறேன். நிரப்பி வைத்து ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே கடைசித் தவணை என்றும் சேர்க்கிறேன். மண்ணைப் பார்க்க இன்ஜினியர் சனிக்கிழமை 10 மணிக்கு வருவார். பின் கேட் சாவி யாரிடம் இருக்கிறது?

லலிதா அம்மா: என்னிடம்தான். வந்து வாங்கிக்கொள்.