கரப்புடுப்பில் தைத்த எல்இடிகள் வெள்ளையாக எரியாமல் சிவந்துபோவது ஏன்?

கேள்வி (களுவாஞ்சிகுடி):
வணக்கம். எங்கள் மாணவர்களின் வடமோடிக் கூத்துக்காக, அரசன் கட்டும் கரப்புடுப்பின் (வளையங்கள் வைத்து விரிந்து நிற்கும் கூத்து உடுப்பு) கீழ் விளிம்பைச் சுற்றி 16 டபிள்யூஎஸ்2812பி எல்இடிகளை (ஒவ்வொன்றினுள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ளவை) தைத்து, அவற்றை லிலிபாட் எனும், துணியில் தைக்கக்கூடிய சிறு கணினிப் பலகையோடும் 3.7 உவோற்று லிதியம் பற்றரியோடும் மின்கடத்தும் எஃகு நூலால் இணைத்திருக்கிறோம். வெள்ளை நிறம் கொடுத்தால் முதல் மூன்று மட்டும் வெள்ளையாகவும், அடுத்தவை மஞ்சளாகவும், கடைசியில் உள்ளவை மங்கிய சிவப்பாகவும் எரிகின்றன. ஆட்டக்காரர் சுழன்றாடும்போது எல்லாம் அணைந்து, நிரல் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடுகிறது. பிழை நிரலிலா, தையலிலா?

பதில் 1 (கல்முனை):
நிரலில் பிழை இல்லை, ஐயா. சிவப்பு எல்இடி எரிய ஏறத்தாழ 2 உவோற்று போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 உவோற்றுக்குக் கிட்ட வேண்டும். ஆகவே வழியில் மின்னழுத்தம் குறையக் குறைய அவை இரண்டும் மங்கிச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லி அம்பியர் வரை போகும் என்பதால் 16 எல்இடிகளும் கிட்டத்தட்ட ஓர் அம்பியர் கேட்கும். எஃகு நூலுக்கோ மீற்றருக்குப் பத்துக்கணக்கான ஓம் தடை இருக்கக்கூடும். 10 ஓமில் 100 மில்லி அம்பியர் ஓடினாலே ஒரு உவோற்று அங்கேயே போய்விடும். அந்த நூல் லிலிபாட்டோடு தைக்கும் சிறிய ஒற்றை நிற எல்இடிகளுக்குத்தான் ஏற்றது. ஒளிர்வைக் கால்பங்காகக் குறைத்து, கடைசி எல்இடியின் நேர், மறை முனைகளுக்கிடையே மல்ரிமீற்றரை வைத்து மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்.

பதில் 2 (அக்கரைப்பற்று, தையல் வேலை செய்பவர்):
சுழலும்போது அணைவதற்குத் தையலே காரணமாக இருக்கலாம். கரப்பின் வளையங்களுக்கிடையே துணி இழுபடுகையில் நூல் முடிச்சு ஒரு கணம் விலகினாலும் பலகை மீண்டும் தொடங்கிவிடும். முடிச்சின் வால் நூலை ஒட்ட வெட்டி, நகப்பூச்சு ஒரு துளி வைத்தால் பிரியாது. பக்கத்து நூலில் முட்டவும் மாட்டாது. நமது கரையோரப் புழுக்கத்தில் உடுப்பு நனையாமல் இருக்காது, உப்பு வியர்வையும் மின்னைக் கடத்தும். எனவே உள்ளே பருத்தி அஸ்தர் கொடுங்கள். பற்றரியை இடுப்பில் வெறுமனே செருகாமல், ஊசி குத்தாத கடினமான சிறு பெட்டியில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பற்றரியில் 3.8, கடைசி எல்இடியில் 2.6 உவோற்று. ஒளிர்வைக் குறைத்ததும் வெள்ளை பத்தாவது வரை வந்தது. மிகுதிக்கு என்ன செய்யலாம்? 1000 மில்லி அம்பியர் மணி பற்றரி ஒரு மணிநேர ஆட்டத்துக்குப் போதுமா?

பதில் 1:
நேர், மறை இரண்டுக்கும் நூலைக் கழற்றிவிட்டு, பல இழைகள் கொண்ட மென்மையான சிலிக்கன் வயரைப் பற்றாசு பிடியுங்கள். பற்றரியிலிருந்து நேராக எல்இடிகளுக்கு இரண்டு பக்கத்தாலும் மின் கொடுங்கள். பலகையின் மறை முனையும் அதே மறையில் சேர வேண்டும். வயரை வளையத்தின் வழியே ஓடவிட்டு, ஒவ்வோர் எல்இடிக்கும் இடையே சற்றுத் தளர்வாகத் தையுங்கள். கால்பங்கு ஒளிர்வில் 240 மில்லி அம்பியர் அளவே போகும் என்பதால் ஒரு மணிநேரத்துக்கு அந்தப் பற்றரி தாராளம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒளி கண்ணைப் பறித்தால் தாளக்கட்டை எவரும் கவனிக்கமாட்டார்கள் என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் முன்பே சொன்னார், கால்பங்கோடு நிறுத்திக்கொள்கிறோம். வயர் மாற்றியபின் கடைசி எல்இடியின் அளவீட்டை இங்கே இடுகிறேன்.