சுபாவின் அடியில் இரண்டு ஓட்டை: சாமுராய் போட்டதா, கடைக்காரர் போட்டதா?

இரும்புத்தட்டு:
நேற்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார்: "சுபாவில் நடுத்துளை தவிர எந்த ஓட்டை இருந்தாலும் பின்னால் கெடுத்ததுதான்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சுபா என்பது ஜப்பானிய வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் தட்டு. அதில் பக்கத்து ஓட்டைகள் ஹித்சு-அனா. இடது பக்கம் கொசுகா என்ற சின்னக் கத்திக்கு, வலது பக்கம் கோகாய் என்ற ஊசிக்கு. இதுகூடத் தெரியாமல் தீர்ப்பு!

என்னுடையது கியோத்தோவில் தோஜி கோயில் 21-ஆம் தேதிச் சந்தையில் வாங்கியது. இரும்பு, 7.6 செ.மீ. இடது ஹித்சுவை ஈயத்தால் அடைத்திருக்கிறார்கள். நடுத்துளையின் இரு முனையிலும் செம்புத் துண்டு. அடியில் விளிம்பை ஒட்டி இரண்டு சின்ன ஓட்டை. மணிக்கட்டில் கயிறு மாட்டிக்கொள்ளும் உடெனுகி-அனா. போர்வாளில் இருந்தது, சந்தேகமே இல்லை.

கத்திப்பிரியன்:
சொன்னது நான்தான். அவசரத்தில் எழுதினேன், ஹித்சு எனக்கும் தெரியும். அதை விடுங்கள். அந்த இரண்டு ஓட்டையும் ஒரே அளவா?

இரும்புத்தட்டு:
ஈயம், செம்பு இதெல்லாம் கண்ணில் படவில்லையா? பலமுறை கை மாறி, பல வாளில் ஏறிய தட்டு. ஒவ்வொரு வாளிலும் கைப்பிடிக்குள் போகும் தண்டுக்கு ஏற்ப துளையைச் சரிசெய்யத்தான் செம்பு.

கத்திப்பிரியன்:
செம்பு யாருக்கு வேண்டும்? உடெனுகியில் பெரும்பாலும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. உங்கள் படத்தில் இரண்டும் அச்சில் வார்த்த இட்லி மாதிரி இருக்கின்றன. 1876-இல் ஜப்பானின் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணியத் தடை போட்டது. வாள் போன பிறகு சுபாக்கள் கப்பல் கப்பலாக ஐரோப்பா போயின. பலகையில் திருகி மாட்ட எவனோ துளைத்திருப்பான். ஒரே அளவா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

மாடத்துப்புறா:
முதலில் 'மாற்றம்' என்றால் என்ன என்று பேசிக்கொள்ளலாமே? சாமுராய் காலத்திலேயே ஈயம் அடைத்தால் அது மாற்றமா, அந்தப் பொருளின் வாழ்க்கையா?

இரும்புத்தட்டு:
கத்திப்பிரியன் அண்ணா, போன வருஷம் வார்ப்பு இரும்பு நகலை எடோ என்ற சாமுராய் காலத்துப் பழசு என்று இங்கே விற்கப் பார்த்தது யார்? ஹித்சுவின் உள்சுவரில் அச்சு சேர்ந்த கோடு பளிச்சென்று தெரிந்தது. எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டீர்கள்.

கத்திப்பிரியன்:
அது விற்பனை இல்லை, கருத்துக் கேட்டேன். பழைய கதையைக் கிளறினால் ஓட்டையின் அளவு மாறுமா? உடெனுகியின் விளிம்பு கயிறு உரசி மழுங்கியிருக்கும். உள்சுவரும் தட்டின் முகம் மாதிரியே கறுத்திருக்கும். துளைப்பான் போட்டதில் விளிம்பு கத்தரித்த மாதிரி நிற்கும், உள்ளே சுற்றுவரி தெரியும். உள்ளே என்ன நிறம்?

இரும்புத்தட்டு:
கொஞ்சம் வெளுப்பாகத்தான் இருக்கிறது. வாங்கி வந்ததும் துரு போகப் புளித்தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போட்டேன்.

கத்திப்பிரியன்:
புளியா!! ஐயோ. 200 வருஷக் கறுப்பை ஒரே ராத்திரியில் ரசம் வைத்துவிட்டீர்களே. ஜப்பானில் மான்கொம்பால் மெல்லத் தேய்த்துத் துருவை எடுப்பார்கள், அப்புறம் பருத்தித் துணியால் மாதக்கணக்கில் துடைப்பார்கள். சாட்சியைக் கழுவிவிட்டு வழக்குப் போடுகிறீர்கள்.

வெண்கலக்குடம்:
புளியைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு 60 வருஷமாகப் புளியில்தான் பளபளக்கிறது.

கத்திப்பிரியன்:
அது பித்தளை, அம்மா. இது இரும்பு.

வெண்கலக்குடம்:
நான் அம்மா இல்லை. எனக்கு மீசை இருக்கிறது.

நிலாமுற்றம்:
என் சித்தி பெயர் சுபா. தலைப்பைப் பார்த்துப் பதறிப்போய் வந்தேன். தயவுசெய்து த்சுபா என்று எழுதுங்கள்.

இரும்புத்தட்டு:
த்சு, ட்சு, எதையாவது எழுதுங்கள். தமிழ் வாயில் சுபாதான் வரும். சரி, வெர்னியர் வைத்து அளந்தேன். ஒன்று 4.1 மி.மீ., மற்றது 3.8. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கத்திப்பிரியன் அண்ணா எங்கே?

கத்திப்பிரியன்:
இங்கேதான் இருக்கிறேன். 0.3 மி.மீ. புளி தின்றது! உடெனுகியில் வித்தியாசம் கண்ணாலேயே தெரியும், வெர்னியர் தேவைப்படாது. அளவுகோல் தேவைப்பட்டதே இரண்டும் ஒரே அளவு என்பதற்குச் சாட்சி.

இரும்புத்தட்டு:
இத்தனை நேரம் அளவு, அளவு என்று உயிரை வாங்கியது நீங்கள். அளவு சொன்னால் புளி என்கிறீர்கள். புளி இரண்டு ஓட்டையையும் சமமாகத்தானே தின்னும்?

மாடத்துப்புறா:
மறுபடியும் கேட்கிறேன், எந்தக் காலத்துக்குள் செய்தால்...

கத்திப்பிரியன்:
புறா, கொஞ்சம் இருங்கள். இரும்புத்தட்டு, சாய்ந்த வெளிச்சத்தில், பின்பக்கம், ஓட்டையின் உள்சுவர் தெரிகிற மாதிரி ஒரு படம். நேற்றே கேட்டிருக்க வேண்டும்.

இரும்புத்தட்டு:
போடுகிறேன். அதற்கு முன் அந்த வார்ப்பு இரும்பை எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று சொல்லுங்கள்.

கத்திப்பிரியன்:
விற்கவில்லை என்று சொல்லியாகிவிட்டது. படம்?