ராஸ்பெரி பையில் வைஃபை இணைகிறது, இணையம் வரவில்லை: அவசர உதவி தேவை

போர்டிங்வாசி (இரவு 8.40)
வணக்கம். வெள்ளவத்தையில் நான் தங்கியிருக்கும் போர்டிங்கில் என் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்கு இணையம் வரவில்லை. வைஃபை இணைந்ததாகவே காட்டுகிறது. அதே வைஃபையில் கைத்தொலைபேசி ஒழுங்காக வேலை செய்கிறது. திங்கட்கிழமை இறுதியாண்டுச் செயற்றிட்டத்தைக் காட்ட வேண்டும். தயவுசெய்து விரைவாக உதவுங்கள்.

சோல்டர் (8.52)
எந்தப் பை, எந்தப் பதிப்பு, என்ன பிழைச்செய்தி என்ற மூன்றும் இல்லாமல் சாத்திரம்தான் சொல்லலாம். கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறதா?

கொட்டாஞ்சேனை மின்னல் (8.57)
மின்சாரம்தான் காரணம். பை 3க்கு 2.5 அம்பியரும் பை 4க்கு 3 அம்பியரும் தரக்கூடிய மின்வழங்கி வேண்டும். நம்மவர்கள் புறக்கோட்டையில் வாங்கிய தொலைபேசிச் சார்ஜரைச் செருகிவிட்டு வைஃபையைத் திட்டுவார்கள். திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தோன்றுகிறதா?

பழைய மோடம் (9.10)
தம்பி, கேள்வி கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் உங்கள் தலைமுறைக்கு இல்லை. மெமரி கார்டின் பூட் பகுதியில், வைஃபை விபரங்களைக் கொண்ட டபிள்யூபிஏ சப்ளிக்கண்ட் கோப்பை எழுதி, நாட்டுக் குறியீட்டை இலங்கை என்று இட்டால் வேலை முடிந்தது. நான் முதலாவது பையிலிருந்தே இப்படித்தான் செய்து வருகிறேன்.

சோல்டர் (9.16)
ஐயா, பையின் இயங்குதளத்தில் 2023 ஒக்டோபரில் வந்த புக்வேர்ம் பதிப்பிலிருந்து வலையமைப்பை நெட்வேர்க் மனேஜர் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் சொல்லும் கோப்பை அது திரும்பியும் பார்ப்பதில்லை. அதுவுமல்லாமல், வைஃபை இணைந்துவிட்டது என்று அவர் முதலிலேயே எழுதியிருக்கிறார்.

போர்டிங்வாசி (9.31)
மன்னிக்கவும். பை 3 பி, புக்வேர்ம். மின்னல் குறி இல்லை, பிங் போகிறது. சில தளங்கள் திறக்கின்றன. சிலவற்றில் இணைப்புப் பாதுகாப்பானதல்ல என்று வருகிறது. மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்க முயன்றால் வரும் செய்தியைப் படமெடுத்து இணைத்துள்ளேன்.

இரவுக்காவல் (9.44)
அந்தப் படத்தில் வரியின் கடைசியைப் பாருங்கள். கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்றும், அடைப்புக்குறிக்குள் 88 நாட்கள் என்றும் இருக்கிறது. இந்தப் பையைக் கடைசியாக எப்போது இயக்கினீர்கள்?

போர்டிங்வாசி (9.47)
தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம். பிறகு புத்தாண்டு விடுமுறை முடியும்வரை பெட்டியில் இருந்தது. அது முக்கியமா?

இரவுக்காவல் (10.05)
அதுதான் விடயமே. பை 3இல் மின்கலத்தோடு ஓடும் மணிக்கூடு கிடையாது. நிறுத்தும்போது நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, மறுபடி எழும்பும்போது அங்கிருந்தே எண்ணத் தொடங்குகிறது. அதாவது உங்கள் பை இன்னும் ஜனவரியில் இருக்கிறது. தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழ்கள் பல தளங்களுக்கு 90 நாட்களுக்கே வழங்கப்படுவதால், பெப்ரவரிக்குப் பிறகு வழங்கப்பட்டவற்றை எதிர்காலத்துச் சான்றிதழ் என்று உங்கள் உலாவி நிராகரிக்கிறது. சில தளங்கள் மட்டும் திறப்பதன் காரணமும் அதுவே. வழக்கமாக இணைந்தவுடன் நேர சேர்வரிடம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்தக் கேள்வி, இணையத்தளம் பார்க்கும் வழியில் அல்லாமல், யூடிபி 123ஆம் போர்ட் என்ற தனி வழியாகப் போகிறது. அதை உங்கள் ரௌட்டர் மறித்திருக்கலாம்.

போர்டிங்வாசி (10.11)
பையன்கள் இரவிரவாக விளையாடுகிறார்கள் என்று, இணையத்தளம் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வீட்டுக்காரர் பூட்டிவைத்திருக்கிறார்.

இரவுக்காவல் (10.14)
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் பையை இரண்டு நிமிடம் இணைத்துவிட்டு, பின்னர் போர்டிங் வைஃபைக்குத் திரும்புங்கள்.

பழைய மோடம் (10.20)
நேர வலயம் கொல்கத்தா என்று இருக்கும். அதைக் கொழும்பு என்று மாற்றினாலே போதும்.

சோல்டர் (10.26)
இரண்டும் இன்று ஐந்தரை மணி முன்னே இருப்பவைதான். சான்றிதழ்களோ உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றன. வலயத்தை மாற்றினால் 88 நாட்கள் நகராது.

பழைய மோடம் (10.33)
1996இல் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க இலங்கை மணிக்கூட்டை முன்னே நகர்த்தியதும், 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அந்தப் பத்து ஆண்டும் இரண்டு வலயங்களும் ஒன்றல்ல.

சோல்டர் (10.37)
ஞாபகம் இருக்கிறது. அதற்கும் இந்தப் பைக்கும் தொடர்பில்லை.

கொட்டாஞ்சேனை மின்னல் (10.45)
எதற்கும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் போய் டிஎஸ் 3231 மணிக்கூட்டுத் துண்டு ஒன்றைத் தேடி வாங்கி மாட்டுங்கள். அதில் ஒரு நாணய மின்கலம் இருக்கும். மின்சாரம் போனாலும் நேரம் போகாது.

இரவுக்காவல் (10.52)
ஒரு மணி நேர மின்வெட்டுக்கு அது தேவையில்லை, ஒரு மணி நேரம் பிந்தினால் சான்றிதழ்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் பெட்டியில் வைப்பவருக்கு வேண்டுமானால் உதவும். பை 5இல் மணிக்கூடு உள்ளேயே இருக்கிறது, மின்கலத்தை மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

போர்டிங்வாசி (11.20)
ஹொட்ஸ்பொட்டில் இணைத்தவுடன் நேரம் சரியாகி எல்லாம் திறந்துவிட்டது. நன்றி அண்ணா.

கொட்டாஞ்சேனை மின்னல் (11.24)
எந்தச் சார்ஜர் பாவிக்கிறீர்கள் என்று இன்னும் சொல்லவில்லையே?