வாடைக்காலத்தில் கடற்கரைப் பூங்காவில் எதை நடலாம்?

மண்டபத்தான்:
எங்கள் ஊர்க் கடற்கரைப் பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறார்கள். கார்த்திகை முதல் மாசி வரைதான் இங்கே கூட்டம். மலைக்குப் போன ஐயப்ப பக்தர்கள் ராமேஸ்வரம் வருகிற காலம், பள்ளிச் சுற்றுலாவும் அப்போதுதான். அந்த மாதங்களில் பூங்கா பார்க்கும்படி இருக்க என்ன நடலாம் என்று ஊரில் கருத்துக் கேட்கிறார்கள். போன முறை லாரியில் வந்த பெட்டூனியா, டேலியா, செவ்வந்தி எல்லாம் பொங்கலுக்குள் இலையோரம் கருகிப் போயின. மறுபடியும் அதையே வாங்கப் பேசுகிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். இந்தக் கரைச் செடிகளே போதும்: அடம்பு, ஆவாரை, கிலுகிலுப்பை, செங்காந்தள், உமரி, இராவணன் மீசை என்கிற முள்ளுப்புல், பூவரசு, உடை மரம், பனை. மறுப்பு இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.

உச்சிப்புளி நர்சரி:
தம்பி, நீங்கள் சொன்னதில் பாதி, பூங்காவுக்கு வெளியே சும்மா கிடக்கிறது. அதைப் பார்க்க எதற்கு உள்ளே வர வேண்டும்? குடும்பத்தோடு வருகிறவர்கள் கலர் கேட்கிறார்கள், நின்று போட்டோ எடுக்க ஒரு இடம் கேட்கிறார்கள். செவ்வந்தியைக் குறை சொல்லாதீர்கள். இரவு நீண்டால்தான் அதில் மொட்டே வரும், பிறவியிலேயே அது குளிர்காலப் பூ. செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் இந்த மணலில் நன்றாக வருகின்றன. போன முறை செத்தது செடியின் குற்றமில்லை. உப்பு போர்த் தண்ணீரை ஊற்றினார்கள், எருவும் போடவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். காட்டுச்செடி மாதிரி ஒரு இடம் தெரிந்தால் நம் ஜனங்கள் அங்கே பிளாஸ்டிக் பையை வீசிவிட்டுப் போவார்கள். பாத்தி கட்டிப் பூ வைத்த இடத்தில் யாரும் குப்பை போடுவதில்லை.

தொண்டி டீச்சர்:
எனக்குப் பாத்தியும் வேண்டாம், காடும் வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவள் நான். செங்காந்தள் கிழங்கிலிருந்து பூ வரை விஷம். இராவணன் மீசை இலை நுனி காலில் குத்தினால் பிள்ளை அழுதுகொண்டேதான் பஸ் ஏறும். உடை மரத்தின் முள்ளைப் பற்றி மண்டபத்தாருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பூங்கா என்பது ஓடி விளையாடுகிற இடம், அதை முதலில் நினையுங்கள்.

மண்டபத்தான்:
டீச்சர், உங்களுக்கு முதலில். செங்காந்தளின் விஷத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அரளியும் வேர் முதல் பூ வரை விஷம். அதை நாற்கரச் சாலையின் நடுவில் மைல் கணக்கில் வைத்திருக்கிறோம், கோவில் நந்தவனத்திலும் வைத்திருக்கிறோம். யாரும் பயப்படுவதில்லை, காரணம் நமக்கு அது தெரிந்த செடி. செங்காந்தள் நம் மாநில மலர். ஆனாலும் அதை நேரில் பார்க்காத பிள்ளைகள் நிறைய. மழை விழுந்ததும் கிழங்கிலிருந்து கிளம்பி, இலை நுனியையே சுருட்டிப் பற்றுக்கம்பியாக்கி வேலியில் ஏறி, ஐப்பசி கார்த்திகையில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும். கோடையில் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். கைக்கு எட்டாத கம்பி வேலிக்குப் பின்னால் வைத்து, பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை மாட்டலாம். இராவணன் மீசையும் உடையும் கடல் பக்க வேலிக்கு வெளியே போகட்டும், விளையாடுகிற இடத்தில் நான் கேட்கவே இல்லை.

நர்சரி அண்ணனுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. அதோடு வாடையும் வீசும். கடல் மேலிருந்து வருகிற அந்தக் காற்று உப்புத் துளியைக் கொண்டுவந்து இலையில் படிய வைக்கும். மழை இருக்கும்வரை கழுவிக்கொண்டே போகும். மார்கழிக் கடைசியில் மழை நின்றதும் கழுவ ஆளில்லை, உப்பு இலையோரத்து ஈரத்தை இழுத்துக் கருக்கிவிடும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மெல்லிய இலைச் செடிக்கு இதுதான் கதி. பெட்டூனியாவுக்குக் குளிர்ந்த இரவு வேண்டும், அது ஓசூரில் கிடைக்கும். இங்கே தை மாத இரவிலும் 20 பாகைக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை.

அடம்பைப் பாருங்கள். தடித்த, வழுவழுப்பான இலை. கணுவுக்குக் கணு வேர் இறக்கி மணலைப் பிடித்துக்கொள்ளும், காலையில் ஊதாப் பூ விரிக்கும். குடம் தண்ணீர் கேட்காது.

அப்புறம், குளிர்காலத் தோட்டம் என்றால் பூ மட்டும்தானா? அதன் ஊர் ஐரோப்பா. இங்கிலாந்தில் பனி மூடிய மாதங்களுக்கென்றே பூங்காவில் தனி இடம் ஒதுக்கி, வெள்ளைப் பட்டை பிர்ச் மரம், சிவப்புத் தண்டு டாக்வுட், சிவப்புக் காய் ஹாலி என்று நடுகிறார்கள். டாக்வுட்டின் இளந்தண்டுதான் நல்ல சிவப்பு என்பதால் பனிக்காலம் முடிந்ததும் அடியோடு வெட்டிப் புதுத்தண்டு வரவைக்கிறார்கள். அந்தச் செடிகள் நமக்கு உதவாது. பட்டை, காய், தண்டின் நிறம், மரத்தின் உருவம் ஆகியவற்றையும் பார்க்கத் தெரிந்த கண் நமக்கும் உதவும். மழை வற்றி மண்ணில் உப்பு ஏறும்போது உவர்நிலத்து உமரி குங்குமம் கொட்டினாற்போலச் சிவந்து கிடக்குமே, அதைவிட என்ன கலர் வேண்டும் அண்ணே? மேலே குடை விரித்த உடை மரத்தை மாலை வெயிலில் எத்தனை பேர் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்! கிலுகிலுப்பையின் காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும், பிள்ளைகள் விடவே மாட்டார்கள். இராவணன் மீசையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் முள் உருண்டை முற்றியதும் கழன்று, காற்றில் மணல்மேல் உருண்டோடும். எந்தப் பாத்தியிலும் இதைப் பார்க்க முடியாது.

கீழக்கரை காக்கா:
இரண்டு பேரும் நிழலை மறந்துவிட்டீர்கள். தை மாசத்திலும் பதினோரு மணி வெயில் சுடத்தான் செய்யும். பூவரசு, புன்னை, உகாய் மூன்றையும் முதலில் வையுங்கள். பூவரசம்பூ காலையில் மஞ்சளாக இருந்து, வாடும்போது செம்மையேறும், ஒரே கிளையில் இரண்டு நிறம். உகாய்தான் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி வெட்டுகிற மரம். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் காட்டினால் போதும், அவர்களே பிள்ளைகளுக்கு மற்றதைச் சொல்லிக்கொடுப்பார்கள். உப்புக் காற்றில் எப்போதும் பச்சையாக நிற்கும் மரம் அது. மயில்கொன்றை மட்டும் வேண்டாம், புயல் காற்றில் கிளை முறிந்து விழும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கடல் இது, அதே மாதத்தில்தான் பூங்காவில் கூட்டமும் இருக்கும்.

உச்சிப்புளி நர்சரி:
காக்கா சொல்கிற மரங்களை ஒப்புக்கொள்கிறேன். உமரிதான் எனக்குப் பிடிபடவில்லை. அது உவர்நிலத்தில் சிவக்கும். மேட்டு மணலில் நட்டால் சிவக்குமா, பிழைக்குமா என்று யோசியுங்கள். என் பக்கத்திலிருந்து ஒன்று: காகிதப்பூ. மழையில் இலையாக விடும், தண்ணீரை நிறுத்தினால்தான் பூவாகக் கொட்டும். தை, மாசி வறட்சிக்கு அதைவிடப் பொருத்தமான செடி உண்டா? அது இந்த மண்ணின் செடி இல்லை என்று தள்ளப் போகிறீர்களா? வாசலில் நான்கு தொட்டி செவ்வந்தியும் வேண்டும், அதை விடமாட்டேன். வந்தவர் முதலில் பார்ப்பது வாசலைத்தான்.

மண்டபத்தான்:
காகிதப்பூவுக்குச் சம்மதம் அண்ணே. காற்று நேராக அடிக்காத சுவரோரம் வைக்கலாம். உமரி பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பூங்காவின் தெற்கு மூலையில் மழைநீர் தேங்கி உப்புப் பூக்கிற பள்ளம் இருக்கிறது. மண் கொட்டி மேடாக்க நினைக்கிறார்கள். அதை அப்படியே விடச் சொல்லுங்கள், உமரி அங்கேதான். தொட்டிச் செவ்வந்தி உங்கள் விருப்பம், ஆனால் பூங்காச் செலவில் பாதி அதற்குப் போகக்கூடாது.

தொண்டி டீச்சர்:
செங்காந்தளுக்கு என் மறுப்பு மறுப்புதான். பலகை படிக்கத் தெரியாத வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள். அரளியை உதாரணம் காட்டியது எனக்குச் சமாதானமாக இல்லை, அதையும் எடுங்கள் என்றுதான் சொல்வேன். கிலுகிலுப்பைக்கு முழு ஆதரவு. நீல வரியன் வண்ணத்துப்பூச்சி அதைத் தேடி வரும், ஒரு வகுப்பையே அங்கே நடத்தலாம். ஆவாரையும் சிறுபீளையும் வாசல் பக்கம் வையுங்கள். பொங்கல் காப்புக்கட்டக் கடையில் கட்டு வாங்குகிற பிள்ளைகள், அது செடியில் நிற்பதைப் பார்க்கட்டும்.

மண்டபத்தான்:
செங்காந்தளைக் கருத்துக் கேட்கிற ஊர்க்கூட்டத்தில் தனியாகப் பேசுவோம் டீச்சர், உங்கள் மறுப்பை அப்படியே எழுதிக் கொடுக்கிறேன். நடவு புரட்டாசிக் கடைசிக்குள் முடிய வேண்டும், மழையை விட்டால் ஒரு வருஷம் போச்சு. பூவரசுக்குப் போத்து வெட்டி ஊன்றலாம், அடம்புக்குக் கொடித் துண்டு போதும். ஆவாரை விதைத் தோல் கெட்டி, வெந்நீரில் ஊறவைத்துத்தான் போட வேண்டும். புன்னை மெதுவாக வளரும், அதனால் நாற்றாகவே வேண்டும். அண்ணே, உங்கள் நர்சரியில் புன்னை, உகாய் நாற்றுப் போட்டுத் தர முடியுமா? விலையைச் சொன்னால் கூட்டத்திலேயே கேட்டுவிடுகிறேன்.

உச்சிப்புளி நர்சரி:
புன்னை விதை சேர்த்துக் கொடுங்கள், போட்டுத் தருகிறேன். உகாய்க்குக் கீழக்கரை காக்காதான் மரம் காட்ட வேண்டும். செவ்வந்தித் தொட்டி நான்கு, மறக்க வேண்டாம்.