மெரோட் பீடப்படத்தில் மனைவியின் இடம்: விளக்கம் தேவை

வணக்கம். 15ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தியச் சமய ஓவியங்களில், படத்தைச் செய்வித்த தம்பதியர் மண்டியிட்டு வணங்கும் நிலையில் இடம்பெறும்போது, கணவர் பார்ப்பவருக்கு இடப்புறமும் மனைவி எதிர்ப்புறமும் அமைவதே பெருவழக்கு. 1432இல் நிறைவுற்ற கென்ட் பீடப்படத்தின் (பீடப்படம்: தேவாலயப் பீடத்தில் வைக்கப்படும் பலகை ஓவியம்) வெளிக்கதவுகளில் யோஸ் வைட்டும் எலிசபெத் போர்லூட்டும் இவ்வாறே இருக்கிறார்கள். ஆனால், ஓவியர் ராபர்ட் கம்பினின் பட்டறையில் உருவானதாகக் கருதப்படும், மூன்று பலகைகள் கொண்ட மெரோட் பீடப்படத்தில் தம்பதியர் இருவரும் இடப் பலகையிலேயே இருக்க, மனைவி கணவருக்குப் பின்னால் செபமாலையுடன் மண்டியிடுகிறார். வலப் பலகையையோ எலிப்பொறி செய்யும் தச்சர் யோசேப்பு எடுத்துக்கொண்டுவிட்டார்!

மனைவியின் உருவம் பின்னர் சேர்க்கப்பட்டது என்பது ஆய்வாளர்களின் முடிவு. அவர் பின்னால் இருப்பதற்கு இடநெருக்கடி மட்டுமே காரணமா, குடும்பத்தில் பெண்ணுக்கு வகுக்கப்பட்ட வரிசையும் காரணமா? இடநெருக்கடி என்ற விளக்கம் மட்டும் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. தம்பதியர் ஒரே பக்கத்தில் அமைந்த வேறு ஓவியங்களை அறிந்தவர்கள் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.